ஸ்டாம்ப் படாத ஒரு வரி

கோர்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் கருமத்தம்பட்டியில் எங்கள் வீதியே என்னை ஜட்ஜம்மா ஆக்கிவிட்டது. வேலை என்னவோ இளநிலை உதவியாளர். கோவையில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில், மேடைக்குக் கீழே, ஃபேன் காற்று எட்டாத ஒரு மேஜை. தொண்ணூறுகளின் நடுவில் சில வருஷங்கள் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். கொலையும் கொள்ளையும் என் பக்கம் வராது. என்னிடம் வந்ததெல்லாம் பெட்டி கேஸ் என்கிற சில்லறை வழக்குகள்.

விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர், பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுப் பாடியவர், மரத்தடியில் காசு வைத்துச் சீட்டாடியவர்கள், நடைபாதையில் கடை போட்டு வழியை மறித்தவர். இவர்கள்தான் பெட்டி கேஸ்காரர்கள். இவர்களுக்காகப் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுத மாட்டார்கள். நீளமான ஒரு ரெஜிஸ்டரில் ஆளுக்கு ஒரு வரி. வரிசை எண், குற்றம் நடந்த தேதி, பெயர், அப்பா பெயர், ஊர், என்ன குற்றம், அதற்கு அவர் என்ன சொன்னார், முடிவு, தண்டனை. இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரத்துக்குப் போவதற்குள் ஒரு ஆளின் வழக்கு முடிந்துவிடும். கடைசியில் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து.

இதில் 'அவர் என்ன சொன்னார்' என்ற கட்டம்தான் எனக்கு வேலையே வைக்காத கட்டம். எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். எனக்கு முன்னால் அங்கே இருந்த யாரோ ஒரு புத்திசாலி அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். 'குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டது.' பதிலும் தீர்ப்பும் ஒரே குத்தில். அதையும் கோர்ட் ஆரம்பித்த பிறகு குத்திக்கொண்டிருந்தால் நேரமாகும். எனவே காலையில் ஸ்டேஷன்களிலிருந்து கேஸ் கட்டு வந்ததும், ஆட்கள் வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டு நிற்கும்போதே, வரிசையாக எழுதி வரிசையாகக் குத்தி முடித்துவிடுவேன். மாஜிஸ்ட்ரேட் ஐயா வந்து மேடையில் உட்கார்ந்து "ஒப்புக்கறீங்களா?" என்று கேட்கும்போது, அவர்கள் ஒப்புக்கொண்டு வெகு நேரம் ஆகியிருக்கும்.

சேர்ந்த புதிதில் இதெல்லாம் என்னை உறுத்தியது என்று சொன்னால் அது பொய். விரலில் ஒட்டுகிற ஊதா மை சோப்புக்குப் போகமாட்டேன் என்கிறதே என்பதுதான் என் கவலை. குத்தப்படுகிறவர்களும் குறை சொன்னதில்லை. சீக்கிரம் அபராதத்தைக் கட்டிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனால் போதும் அவர்களுக்கு. எப்போதாவது ஐயா ஒருவரை 'கோர்ட் கலையும் வரை' என்று தண்டித்தால், அவர் மட்டும் பின்பெஞ்சில் உட்கார்ந்து சாயந்தரம் வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

அப்பா காந்திபுரத்தில் நடைபாதையில் பனியன் விற்றார். திருப்பூரில் ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்துக் கட்டிய செகண்ட்ஸ் சரக்கு. மூட்டையாக வாங்கி வந்து தார்ப்பாயில் கொட்டி, ஜனங்கள் கிளறிக் கிளறி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் விற்பவர். இன்னொரு பக்கம் பெல்ட்டும் பர்ஸும் விற்கிற பாய்.

அந்த நடைபாதைக்காரர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஸ்டேஷனுக்கு வாரா வாரம் நடைபாதைக் கேஸ் வேண்டும். எல்லோரையும் பிடித்தால் எல்லோருடைய பிழைப்பும் கெடும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இந்த வாரம் இவர்கள், அடுத்த வாரம் அவர்கள். முறை வந்தவர் பெயரை முந்தின நாளே ஏட்டய்யாவிடம் சொல்லிவிட்டு, காலையில் தாமாகவே கோர்ட்டுக்கு வந்து, ஒப்புக்கொண்டு, பொதுவில் சேர்த்த பணத்தில் அபராதம் கட்டிவிட்டுத் திரும்புவார். அதுவரை பக்கத்துக் கடைக்காரர் அவருடைய கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். எந்தத் தேதியில் குற்றம் செய்தார் என்பது ஏட்டய்யாவின் விருப்பம். கட்டு முழுவதற்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். ரேஷன் கடைக்குப் போய் வருவது போல்தான் கோர்ட்டுக்குப் போய் வந்தார்கள். அதில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வெட்கப்பட்டது நான் ஒருத்திதான். வேலை உத்தரவு கையில் கிடைத்த அன்றே அப்பாவைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

"நான் அங்க இருக்கற வரைக்கும் நீங்க அந்தப் படி ஏறப்படாதுங்கப்பா."

"சரீங் கண்ணு. ஏறுல."

கடைக்காரர்களிடம் அவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "பாப்பா உத்தியோகம் பாக்கற எடத்துல நீங்க வந்து நிக்கறது நல்லா இருக்காதுங்க, உங்க முறைய நாங்க பாத்துக்கறோம்" என்று முதலில் சொன்னது பெல்ட் பாய்தானாம். சொன்னபடியே அப்பாவுக்காக அவர் பல தடவை வந்து நின்றார். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் வரியில் ஸ்டாம்ப் குத்துவேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை கட்டைப் பிரித்துத் தாள் தாளாக எழுதிக்கொண்டு வருகிறேன், அப்பா பெயர் வருகிறது. அடுத்து தாத்தா பெயர். அடுத்து எங்கள் ஊர். பேனாவை வைத்துவிட்டேன்.

பெயரைப் பார்த்தபோது பதறத்தான் செய்தது. தேதியைப் பார்த்தபோது உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. அது முந்தின வாரம் என்னைப் பெண் பார்க்க வந்த நாள். அன்று அப்பா காந்திபுரத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. விடிந்ததிலிருந்து வாடகை நாற்காலி, மிக்சர், காபிக்குப் பால் என்று ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் மிக்சரைத் தட்டோடு தீர்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். இன்றுவரை சொல்லியனுப்பவில்லை. அந்தத் தேதி எனக்கு மறக்குமா?

வராந்தாவுக்குப் போனேன். அப்பா தூணுக்கு அந்தப் பக்கம், நான் பார்க்காத மாதிரி நிற்பதாக நினைத்துக்கொண்டு நின்றிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று போட்ட அதே சட்டை.

"ஏனுங்கப்பா, இங்க எதுக்கு வந்தீங்க?"

"கத்தாத கண்ணு. பாயோட சம்சாரத்துக்கு நேத்தே பிரசவ நோவு எடுத்துருச்சு, ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. இன்னைக்கு அவரு முறை. வேற யாரும் சிக்குல. எனக்காவ எத்தன வாட்டி வந்து நின்ன மனுசன்! ஒரு நிமிச வேலை, ஆமாங்கன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

"தேதி என்னன்னு பாத்தீங்களா? அன்னைக்கு நீங்க ஊட்லதான இருந்தீங்க?"

"அது இங்க யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே! நாந்தான அதை எழுதோணும்?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நீ எழுதறது உன் உத்தியோகம் கண்ணு, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்! இன்னும் இரண்டு நிமிஷம் நின்றால் அவர் மேல் எரிந்து விழுந்துவிடுவேன் என்று தோன்றியதால் உள்ளே வந்துவிட்டேன்.

மற்ற எல்லா வரிகளிலும் குத்தினேன். அப்பா வரிக்கு வந்ததும் ஸ்டாம்பை மையில் தொட்டுக் கையில் வைத்துக்கொண்டேன். வீதியை மறித்தார், ஒப்புக்கொண்டார், குற்றவாளி. மூன்றும் பொய் என்று அந்தக் கட்டிடத்தில் அப்பாவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும், அதை என் கையால்தான் குத்த வேண்டும். முடியவில்லை. அப்பாவாக இருந்ததால்தான் முடியவில்லை, வேறு யாராக இருந்தாலும் குத்தியிருப்பேன். ஸ்டாம்பைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன்.

பெஞ்ச் கிளார்க் ரெஜிஸ்டரை மேடைக்கு எடுத்துப் போகும்முன் ஒரு தடவை மேலோட்டமாகப் பார்ப்பார். அவர் கண்ணுக்கு ஈ கூடத் தப்பாது.

"ஏன் அம்மணி, இந்த ஆளுக்கு மட்டும் மை தீந்துபோச்சா?"

"கேட்டுட்டு எழுதிக்கலாமுங்க சார்."

"இத்தன நாளா கேட்டுட்டா எழுதுனோம்?" என்றவர், ஸ்டாம்பை எடுக்கக் கையை நீட்டினார். பிறகு அந்த வரியில் ஊர்ப் பெயரைப் பார்த்தார். ஆள் பெயரைப் பார்த்தார். என் இனிஷியல் அவருக்குத் தெரியும். நீட்டின கையை அப்படியே மூக்குக்கண்ணாடிக்குக் கொண்டு போய்ச் சரி செய்துகொண்டு, ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனார்.

கோர்ட் ஆரம்பித்தது. டவாலி பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் வந்து நின்றார்கள், ஆமாங்க என்றார்கள், போனார்கள். அந்த மாஜிஸ்ட்ரேட் நல்ல மனுஷர், யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் அன்றாடம் குவியும் வேலையில் தலை நிமிர்ந்து முகம் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. ரெஜிஸ்டரைப் பார்த்தபடியே கேட்பார், ரெஜிஸ்டரைப் பார்த்தபடியே கையெழுத்துப் போடுவார்.

அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். வாயில் 'ஆமாங்க' தயாராக இருந்தது.

ஐயாவின் பேனா நின்றது. "இது ஏன் காலியா இருக்கு?"

"கேட்டு எழுதோணுமுங்க ஐயா" என்றார் பெஞ்ச் கிளார்க், நான் சொன்னதையே தன் வார்த்தை மாதிரி.

திட்டு விழப் போகிறது என்று நான் குனிந்துகொண்டேன். ஐயா கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். "சரிதான். சட்டமும் அதைத்தான் சொல்லுது. கூடுமானவரை அவர் சொல்ற வார்த்தையிலேயே எழுதணும். அம்மா, அவர் சொல்றதை அப்படியே எழுதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"போன வாரம் நடைபாதையில கடை போட்டுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் பண்ணினதா உங்க மேல கேஸ். நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பாவுக்கு இந்தக் கேள்வி தெரியாது. அவர் தயாராக வைத்திருந்த பதில் இதற்குப் பொருந்தவில்லை. ஏட்டய்யாவைப் பார்த்தார். ஏட்டய்யா தலையை ஆட்டிக் காட்டினார். என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்கவில்லை.

"தப்புத்தானுங் சாமி" என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் கடைக்கே போகலீங்க. ஊட்டுல எம் புள்ளையப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. நாள் முச்சூடும் ஊட்டுலதானுங்க இருந்தேன். இருந்தாலும் தப்புத்தானுங்க."

கோர்ட்டே சிரித்தது. வக்கீல்கள் சிரித்தார்கள், டவாலி சிரித்தார், அடுத்ததாக நிற்க வேண்டியவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அழுகையை விடக் கோபம் அதிகமாக வந்தது. அப்பாவின் மேல் இல்லை. அவர் சின்ன வயசில் பண்ணையத்தில் வளர்ந்தவர். அங்கே பெரிய வீட்டுக்காரர்கள் என்ன கேட்டாலும் பேச்சை அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், அப்படித்தான் முடிக்க வேண்டும். நடுவில் இடம் கிடைத்தால் நடந்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஐயா சிரிக்கவில்லை. "எழுதிட்டீங்களாம்மா?"

எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டாம்புக்கு அளவெடுத்துப் போட்ட கட்டத்தில் இத்தனை வார்த்தை எங்கே கொள்ளும்? எழுத்தைச் சின்னதாக்கி, கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்திலும் நுழைந்து எழுதினேன். நடக்காமல் போன என் கல்யாணப் பேச்சு இப்படியாக அரசாங்கப் பதிவில் ஏறியது. அதைப் பற்றி அப்போது வருத்தப்பட நேரமில்லை.

ஐயா அதை வாங்கிப் படித்துவிட்டு ஏட்டய்யாவைப் பார்த்தார். "இதை வச்சு நான் எப்படித் தண்டிக்கறது?"

"ஐயா, அவரு ஒப்புக்கறதுக்குத்தானுங்க வந்தாரு."

"ஒப்புக்க வந்தாரு, ஆனா ஒப்புக்கலையே. அன்னைக்கு இவரை அங்க பாத்த சாட்சி இருக்கா?"

ஏட்டய்யா தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார். ஐயா நடவடிக்கையை இத்துடன் நிறுத்துவதாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "நீங்க போலாம்" என்றார் அப்பாவிடம்.

அப்பா போகவில்லை. "ஃபைன் எங்கீங்க கட்டறது?"

"உங்களுக்கு ஃபைன் இல்லை."

"அப்ப கோர்ட் கலையற வரைக்கும் உக்காந்துக்கட்டுங்களா?"

"வேண்டாம். உங்க மேல இப்ப ஒண்ணும் இல்லை. போங்க."

வாசல் வரை போய், யாராவது திரும்பக் கூப்பிடுவார்களோ என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார். தண்டனை வாங்கிக்கொண்டு வெளியே போவது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாங்காமல் போவதற்குத்தான் வழி தெரியவில்லை.

அதற்கப்புறம் சில வாரங்கள் ஐயா எல்லோரிடமும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். நானும் ஒவ்வொருவர் சொன்னதையும் சொன்னபடியே எழுதினேன். சைக்கிள் விளக்கு எரியாததற்கு மாமனார் கொடுத்த சைக்கிள்தான் காரணம் என்று ஒருவர் சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பெட்டி கேஸ் மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. முதலில் முணுமுணுத்தது கேஸில் வந்தவர்கள்தான். "ஏனுங் அம்மணி, அந்த முத்திரையக் குத்தி உட்டீங்கன்னா நாங்க பொழைப்பப் பாக்கப் போவமுங்க" என்று என் மேஜைக்கே வந்து கேட்டார்கள். வேலை தேங்கத் தேங்க, ஸ்டாம்ப் திரும்பவும் பெட்டியை விட்டு வெளியே வந்தது. ஆனால் நான் முன்கூட்டிக் குத்துவதை மட்டும் விட்டுவிட்டேன். ஆள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் குத்தினேன்.

நடைபாதையில் ஏட்டய்யா சொல்லிவிட்டாராம்: "அந்தப் பனியன்காரர மட்டும் இனி அனுப்பாதீங்க. அந்தாளு நெசத்தப் பேசிப்போடறாரு." அப்பாவை விட்டுவிட்ட அன்றைக்கு ஒரு கேஸ் குறைந்துபோனதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குடக்காரரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அது அப்பாவை ரொம்ப நாள் அரித்தது. அவருடைய குடங்களை அன்று மத்தியானம் முழுக்க அப்பாதான் விற்றுக் கொடுத்தார். பாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று சாயந்தரம் காந்திபுரத்தில் அப்பாவும் நானும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைத்ததும் அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"நான் சொன்னத அப்படியேவா எழுதிப்போட்ட கண்ணு?"

"அப்படியேதானுங்கப்பா."

"எங்க, சொல்லு பாக்கலாம்."

எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடமாக இருந்தது. பஸ் சத்தத்தில் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவர் வேறு யாரோ பேசியதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, மடியில் இருந்த காலி மூட்டைச் சாக்கை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"நடுவுல இருக்கறது சரி. மொதல்லயும் கடைசிலயும் இருக்கறத மட்டும் அடிச்சுப்போட முடியாதா?"

"ஐயா கையெழுத்துப் போட்டாச்சுங்கப்பா. இனி அதுல யாரும் கை வெக்க முடியாது."

அவர் தலையை ஆட்டினார். எங்கள் ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நாந்தான் அன்னைக்கு ஊட்டுல இருந்தனே. அப்பறம் எதுக்குக் கண்ணு ரெண்டு வாட்டி தப்புத்தான்னு சொன்னேன்?"